மூன்றாவது துண்டு

பிப்ரவரி 3, திங்கள்

அனல் மின் நிலையத்தில் இரண்டு பேரைக் கொன்றது அதன் நிர்வாகம். பழியை ஓர் ஒப்பந்த வெல்டர் மேல் போட்டிருக்கிறார்கள்.

ரயில் கிளம்பியதும் இந்த வரியை எழுதிக்கொண்டிருந்தேன். தவசி அண்ணன் எட்டிப் பார்த்தார். "அளக்கப் போறதுக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதிட்டியா? அப்ப மதுரையிலயே எறங்கிக்கிருவமா?" என்றார். எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர் அவர். முனைவர் பட்டம் வாங்கி, வேலை எதுவும் கிடைக்காமல், அதே ஆய்வகத்தில் அதே நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் எழுதியதை நான் அடிக்கவில்லை.

நடந்தது இது. நவம்பரில் பாய்லரில் நீராவிக் குழாய் ஒன்று வெடித்தது. பக்கத்தில் நின்ற ரத்தினபாண்டி என்பவரும் ஒடிசாக்காரர் ஒருவரும் வெந்து செத்தார்கள். ஒடிசாக்காரரின் பெயரை ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு விதமாகப் போட்டது. குழாயின் வளைவில் ஏதோ அடைத்து, நீராவி ஓடாமல், சூடேறி வெடித்திருக்கிறது. இதுவரை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். அடைத்தது என்ன என்பதில்தான் தகராறு. வெல்டிங் செய்யும்போது வாயு தப்பிப் போகாமல் இருக்கக் குழாய்க்குள் துணியைத் திணிப்பார்கள். முந்தைய பராமரிப்பில் அந்த வரிசையைப் பற்றவைத்த லிங்கதுரை என்பவர் துணியை எடுக்க மறந்துவிட்டார் என்று நிர்வாகம் சொல்கிறது. அவர் மேல் வழக்கு. இப்போது ஜாமீனில் இருக்கிறார்.

இன்னொரு விதமாகவும் அடைக்கும். இந்த வகைக் குழாயின் உட்பக்கத்தைச் சின்னச் சின்ன எஃகு மணிகளால் வேகமாக அடித்து இறுக்கியிருக்க வேண்டும். ஷாட் பீனிங் என்பார்கள். அடிபட்ட தோல் நீராவியைத் தாங்கும். அடிபடாத தோலில் துரு தடிமனாக வளர்ந்து, செதில் செதிலாகக் கழன்று, வளைவில் போய்க் குவியும். வாங்கிய குழாய்கள் எல்லாம் அடித்த குழாய்கள்தான் என்கிறது நிர்வாகம். அதைச் சோதிக்க, அதே சரக்கில் பயன்படுத்தாமல் கிடந்த குழாய்களிலிருந்து மூன்று துண்டு வெட்டி, பாய்லர் ஆய்வாளர் அலுவலகம் எங்கள் பேராசிரியர் ஆதிமூலத்துக்கு அனுப்பியது. ஒவ்வொன்றிலும் அவர்கள் பொறித்த எண் இருக்கிறது. மூன்றும் என் பையில், சோப்பு டப்பாவில்.

இதற்கு எங்கள் ஊரிலேயே சாதாரணச் சோதனை போதும். ஆனால் பேராசிரியருக்கு அறிக்கையில் சின்க்ரோட்ரான் என்ற சொல் வேண்டும். அந்தச் சொல்லைப் பார்த்தால் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். அதற்காக நாங்கள் இரண்டு பேர் ஸ்லீப்பர் பெட்டியில் இந்தியாவின் பாதியைக் கடக்கிறோம்.

இரண்டு துண்டுகளைத் தவசி அண்ணன் கண்ணாடி மாதிரிப் பாலிஷ் போட்டிருக்கிறார். எங்கள் ஆய்வகத்துக்குள் எது வந்தாலும் முதல் வேலை பாலிஷ். பளபளக்காத துண்டைப் பேராசிரியர் கையில் வாங்கவே மாட்டார். உள்வளைவுக்கு வசதியாகப் பென்சிலில் எமரித் தாளைச் சுற்றி, தவசி அண்ணன் உட்கார்ந்து தேய் தேய் என்று தேய்த்தார். மூன்றாவதுக்கு வரும்போது தாள் தீர்ந்துவிட்டது. ஸ்டோரில் கேட்டால் அடுத்த மாதம் என்றார்கள். அதை அப்படியே கொண்டுபோகிறோம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நாக்பூர் வருவதற்குள் தயிர்சாதம் ஊசிப்போய்விட்டது. தவசி அண்ணனுக்குக் கால் வீங்கியிருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

வந்து சேர்ந்தோம். வாசலில் என் பெயரை மூன்று தடவை கேட்டார்கள். இசக்கியம்மாள் என்பதை இந்தியில் எழுத அந்தக் காவலருக்கு வரவில்லை. கடைசியில் வெறும் எக்ஸ் போட்டு அட்டையைக் கொடுத்தார். பேராசிரியர்கூட முதல் வருடம் என்னிடம், பேப்பரில் போடும்போது பெயரைக் கொஞ்சம் சுருக்கிக்கொள் என்றார். வெளிநாட்டில் வாய்க்குள் நுழையாதாம். அவர்களுடைய பெயர்கள் எல்லாம் எங்கள் வாய்க்குள் நுழைகின்றன.

பாதுகாப்புப் படம் பார்க்க வைத்தார்கள். கதிர்வீச்சு அளவைக் காட்டும் சின்னப் பட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டோம். பிறகு கூடத்துக்குள் விட்டார்கள். கல்யாண மண்டபம் பத்து சேர்த்த அளவு. நடுவில் சுவருக்குப் பின்னால் பெரிய வளையம், அதுதான் சின்க்ரோட்ரான். அதற்குள் எலக்ட்ரான்கள் ஒளி வேகத்துக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. ஒவ்வொரு திருப்பத்திலும் எக்ஸ்ரேயைக் கக்குகின்றன. அதில் ஒரு கற்றையை நமக்கு ஒதுக்குவார்கள். அது எஃகின் மேல் விழுந்து, அணு அடுக்குகளில் பட்டுச் சிதறி, திரையில் வளையங்களாக விழும். அடிபட்டு நொறுங்கிய எஃகு என்றால் வளையம் முழுதாக இருக்கும். அடிபடாத எஃகில் படிகங்கள் பெரிசு பெரிசாக இருக்கும், அதனால் வளையம் புள்ளி புள்ளியாக உடைந்து விழும். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. முழு வளையமா, புள்ளியா. அவ்வளவுதான்.

கற்றையை இன்னும் ஒன்று செய்யலாம். படுக்கை வாட்டில் சாய்த்து விட்டால் மேல்தோலை மட்டும் பார்க்கும். நிமிர்த்தினால் உள்ளே போகும்.

அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். எடுக்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் பீம், அதாவது அந்தக் கற்றை, போய்விட்டது. எங்கேயோ ஒரு மின்வழங்கி படுத்துவிட்டதாம். கூடம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்பது போல நின்றார்கள். தவசி அண்ணன் நாற்காலியிலேயே தூங்கினார். தூக்கத்தில்கூட அவர் முகம் நேர்காணலுக்கு வந்தவர் முகம் போலத்தான் இருக்கிறது.

எங்கள் கற்றைக்குப் பொறுப்பு மதுலிகா என்ற விஞ்ஞானி. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். கம்பளிச் சட்டையின் கைகளை மடித்துவிட்டு, ஒரே பிளாஸ்கிலிருந்து எங்களுக்கும் டீ ஊற்றினார். அவருக்கு எங்கள் வழக்கைப் பற்றி எதுவும் தெரியாது. சொல்லவும் இல்லை.

மதியத்துக்குப் பிறகு பீம் வந்தது. முதலில் சோதனைக்காகத் தவசி அண்ணன் கொண்டுவந்திருந்த பழைய குழாய், ஒழுங்காக அடித்த குழாய், வைத்தோம். எந்தக் கோணத்திலும் முழு வளையம். பிறகு முதல் துண்டு. பேராசிரியர் எழுதிக் கொடுத்த கோணத்தில், படுக்கை வாட்டில்.

முழு வளையம். வளையல் கடையில் அடுக்கியது போல ஒன்றுக்குள் ஒன்று. ஒரு கீறல் இல்லை.

தவசி அண்ணன் பேராசிரியருக்குப் படம் அனுப்பினார். உடனே போன் வந்தது. ரொம்பத் திருப்தி. மற்ற துண்டுகளையும் இதே கோணத்தில் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்றார். என்னிடமும் கொடுக்கச் சொல்லி, "நல்லா பண்ணியிருக்கேம்மா. பெருமையா இருக்கு" என்றார். இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் அப்படிச் சொன்னதில்லை.

முழு வளையம் என்றால் குழாய் அடித்த குழாய். அப்படியென்றால் செதில் இல்லை. அடைத்தது துணி.

கேன்டீனில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தேன். சாப்பிட முடியவில்லை. ஊர்ப் பக்கம் மழையா என்று கேட்கத்தான் அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, எத்தன வாட்டி கூப்பிடுதேன். எங்க இருக்க?"

வேலையாக வெளியூர் வந்திருக்கிறேன் என்றேன். என்ன வேலை என்று கேட்டாள். இரும்புத் துண்டு ஒன்றைப் படம் எடுக்கிறோம் என்றேன்.

"இரும்ப எதுக்குட்டி படம் எடுக்கணும்? அதுக்கென்ன கல்யாணமா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவுக இப்போதெல்லாம் யாரோடும் பேசுவதில்லை, வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கக்கூடக் கிட்டே போவதில்லை என்றாள்.

அவுக என்றால் லிங்கதுரை. என் அக்கா சுயம்புக்கனியின் வீட்டுக்காரர். எனக்கு அத்தான். பேராசிரியருக்கும் தவசி அண்ணனுக்கும் தெரியாது. தெரிந்தால் இந்தத் துண்டுகளை என் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள். இந்த அளவீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வளையம் யார் அத்தான் என்று பார்த்து விழுவதில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் தவசி அண்ணன் குளித்து வருவதற்குள் முதல் துண்டையே திரும்ப வைத்தேன். கோணத்தை நிமிர்த்தச் சொன்னேன். மதுலிகா ஏன் என்று கேட்கவில்லை. அவர்களுக்கு யாராவது இன்னொரு படம் கேட்டால் சந்தோஷம்தான்.

கொஞ்சம் நிமிர்த்தியதும் வளையம் அழுக்கானது. இன்னும் நிமிர்த்தியதும் நடுநடுவே உடைந்தது. அதற்கும் மேலே போனதும் வளையமே இல்லை. கருப்புத் திரையில் கொட்டிய கடுகு மாதிரி வெறும் புள்ளிகள்.

மேல்தோல் மட்டும் நொறுங்கிய எஃகு. அதற்கு அடியில் அடியே வாங்காத எஃகு. எஃகு மணியால் அடித்திருந்தால் நொறுங்கல் ஆழமாகப் போயிருக்கும். இது மேலே பூசியது போல மெல்லிசு.

மதுலிகா துண்டைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். இவ்வளவு பளபளப்பு எதற்கு, யார் செய்தது என்று கேட்டார். பாலிஷ் போட்டோம் என்றேன். எமரித் தாளால் அழுத்தித் தேய்த்தாலே எஃகின் மேல்தோல் நொறுங்கும், உங்களுக்குத் தெரியாதா என்றார். மேற்பரப்பைப் பார்க்க வந்தவர்கள் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டல்லவா வந்திருக்கிறீர்கள் என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது.

அதற்குள் தவசி அண்ணன் தலை துவட்டிக்கொண்டே வந்து பின்னால் நின்றிருந்தார். திரையைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார்.

நேற்று நாங்கள் பார்த்த முழு வளையம் அவருடைய பென்சிலும் தாளும் செய்தது.

இரண்டாவது துண்டும் அப்படியே. படுக்கை வாட்டில் வளையம், நிமிர்த்தினால் புள்ளி. மூன்றாவது, தாள் தீர்ந்துபோனதால் தப்பித்தது. அதில் எந்தக் கோணத்திலும் வளையமே இல்லை. மேல் தோலிலிருந்தே புள்ளி. அந்தக் குழாயை எந்த மணியும் தொடவில்லை.

பேராசிரியரை நான்தான் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டார். மேற்பரப்பில் இறுக்கம் உண்டா இல்லையா என்றுதான் கேட்டிருக்கிறார்கள், ஆழத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்றார். மூன்றாவது துண்டைச் சரியாகத் தயார் செய்யவில்லை, அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார். சரியாகத் தயார் செய்தது என்றால் தேய்த்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ரெஸ்ட் எடும்மா. அலைச்சல்" என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரி 8, சனி

எங்கள் முறை முடிந்தது. பட்டையைத் திருப்பிக் கொடுத்தோம். கதிர்வீச்சு எதுவும் படவில்லையாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரயில். எதிர் இருக்கையில் ஒரு குடும்பம் காலையிலிருந்து பூரி சாப்பிடுகிறது. எங்களுக்கும் கொடுத்தார்கள். தவசி அண்ணன் வாங்கிக்கொண்டார், நானும் வாங்கிக்கொண்டேன்.

அக்கா கூப்பிட்டபோது நான் கழிவறையில் இருந்திருக்கிறேன். போன் இருக்கையில் கிடந்தது. அக்காவின் பெயருக்குப் பின்னால் அவளும் அத்தானும் கல்யாணத்தில் எடுத்த படம் வரும். நான் திரும்பி வந்தபோது தவசி அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"பேப்பர்ல போட்டிருந்த ஆளு."

"ஆமா."

"உங்க அத்தானா?"

"ஆமாண்ணே."

ரொம்ப நேரம் ஜன்னல் வழியே பார்த்தார். ஒரு ஸ்டேஷன் போனது.

"நீ சொன்னா, அத்தானுக்காகச் சொல்றான்னு தள்ளிருவாங்க. அந்தப் புள்ளி உண்மைன்னாலும் தள்ளிருவாங்க."

"நீங்க சொல்லுங்கண்ணே. பாலிஷ் போட்டது நீங்கதான?"

"என்னைக் கூப்பிட்டுக் கேட்டா மறைக்க மாட்டேன். நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். எனக்கு ரெண்டு புள்ளைக இருக்குது இசக்கி. ஆதிமூலம் ஒரு போன் பண்ணா, எந்தக் காலேஜ்லயும் எனக்கு லேப் அசிஸ்டண்ட் வேலைகூடக் கிடைக்காது."

அவரைக் கோழை என்று நினைக்க முயன்றேன். காலில் வீக்கம் வடியாமல், செருப்பு மாட்ட முடியாமல், தரையில் வைத்திருந்தார். நினைக்க முடியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். அறிக்கை தயாராக இருந்தது. இரண்டு துண்டுகள், இரண்டு முழு வளையங்கள். உட்பரப்பு இறுக்கப்பட்ட நிலையில் உள்ளது என்று ஒரு வாக்கியம். மூன்றாவது துண்டு தயாரிப்பின்போது சேதமடைந்தது என்று இன்னொரு வாக்கியம். கீழே இரண்டு பெயர்கள். அவருடையது, என்னுடையது. தவசி அண்ணனுடையது இல்லை.

இதில் ஒரு பொய்கூட இல்லை என்றார். எந்த வாக்கியம் பொய் என்று காட்டச் சொன்னார். மூன்றாவது துண்டு சேதமடையவில்லை என்றேன். ஆய்வுக்கு உதவாத துண்டு சேதமடைந்த துண்டுதான் என்றார். ஆழத்தில் எடுத்த படங்களைச் சேர்க்கச் சொன்னேன். கேட்ட கேள்விக்குத்தான் பதில், கேட்காததை நாமே சொன்னால் அது ஆராய்ச்சி இல்லை, வம்பு என்றார். மின் நிலையத்தோடு நம் துறைக்கு இருபது வருட உறவு, உன் ஸ்காலர்ஷிப் நின்றபோது எந்தப் பணத்தில் உனக்குக் கொடுத்தேன் என்று நினைக்கிறாய் என்றும் கேட்டார்.

அது உண்மை. அன்று அவர் கேட்காமலே உதவினார். இன்றும் அவர் முகத்தில் அந்த அன்பு இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் சொல்லிவிட்டேன். என் பெயரைப் போடாதீர்கள் சார், அந்த லிங்கதுரை எனக்குச் சொந்தம் என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க அக்கா வீட்டுக்காரர். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாம்மா? பிளாண்ட்லேருந்து டிசம்பர்லயே சொல்லிட்டாங்க. அதனாலதான் உன்னை அனுப்பினேன்."

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். பாடம் நடத்தும் அதே குரல்.

"நாளைக்கு எவனாவது, இந்த ப்ரொஃபசர் பிளாண்ட்காரன் ஆளுன்னு சொல்லுவான். அப்ப நான் சொல்லுவேன், அளந்தது அந்த வெல்டரோட மச்சினிச்சியேன்னு. அதுக்கு மேல யாரு கேள்வி கேப்பா? உன் பேரு இருக்கட்டும்மா."

கீழே இறங்கிவந்து தண்ணீர் குடித்தேன். கேன்டீனில் பஜ்ஜி தீர்ந்துவிட்டது என்றார்கள். நான் பஜ்ஜி கேட்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

துணி துவைத்தேன். காயவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

ஏழு மாதமாக அவர் மேஜையில் கிடந்த என் சினாப்சிஸில் பேராசிரியர் இன்று கையெழுத்துப் போட்டார். அது போனால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். மேஜையில் ஒரு பேனாதான் இருந்தது. மாற்றி மாற்றி எழுதினோம்.

வெளியே வரும்போது, அந்த மூன்றாவது துண்டை ஸ்கிராப் தொட்டியில் போட்டுவிடும்மா என்றார். சரி சார் என்றேன். தொட்டி வரை போனேன். அதற்குள் உடைந்த பீங்கான் கிண்ணமும் ஆரஞ்சுத் தோலும் கிடந்தன.

விடுதியில் தண்ணீர் வரவில்லை. வாளியோடு கீழே போய் வரிசையில் நின்றேன். பின்னால் நின்ற பெண் சினாப்சிஸ் கிடைத்துவிட்டதாமே, ட்ரீட் எங்கே என்றாள். நாளைக்கு என்றேன்.

பிப்ரவரி 15, சனி

ட்ரீட் கொடுத்தேன். பரோட்டா.

பிப்ரவரி 18, செவ்வாய்

அக்கா போன். இருபத்துநாலாம் தேதி பாய்லர் ஆய்வாளர் அலுவலகத்தில் கடைசி விசாரணையாம். அவர்கள் எழுதுவதை வைத்துத்தான் வழக்கு நடக்கும். வக்கீல், துணியை மறந்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்கிறாராம். ஒத்துக்கொள்ளாவிட்டால் உள்ளே போனவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாதாம்.

அத்தான் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"அவுகளுக்கே சந்தேகம் வந்துட்டுட்டி. எடுத்தேனா எடுக்கலையான்னு என்னையப் பாத்துக் கேக்காவ. நான் என்ன அங்கயா நின்னேன்? 'ரெண்டு உசிரு போயிருக்கு கனி, நாந்தான் விட்டுருப்பேன் போல'ங்காவ. ரத்தினபாண்டி வீட்டுக்குப் போயி அந்தப் பொம்பளைட்ட மன்னிப்புக் கேக்கணும்னு சட்டைய மாட்டிக்கிட்டு நிக்காவ. வாசல்ல மறிச்சு நிறுத்தி வச்சிருக்கேன்."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"நீ இரும்பத்தான படிக்க? ஏதாவது சொல்லேன்ட்டி."

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அத்தான் பற்றவைத்த இடத்தைத் தடவிப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி அவர் செய்தது. வேலை முடிந்ததும் துணி, கம்பித் துண்டு, கரி எல்லாவற்றையும் தன் டிபன் தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். எங்கள் அம்மா சிரிப்பாள். இது ஆதாரம் இல்லை. எனக்குத் தெரியும், இது ஆதாரம் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மதுலிகாவுக்கு எழுதிக் கேட்டேன். மூன்று துண்டின் படங்களும், எல்லாக் கோணங்களும், அவர்களுடைய கணினியில் பத்திரமாக இருக்கின்றனவாம். ஆனால் விண்ணப்பித்தவர் பேராசிரியர், அவரோ விசாரிக்கும் அலுவலகமோ கேட்டால்தான் தர முடியும், உன்னிடம் தர முடியாது என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், துண்டு இருக்கிறது அல்லவா, துண்டு இருந்தால் யார் வேண்டுமானாலும் மறுபடி அளக்கலாமே என்று இருந்தது.

துண்டு இருக்கிறது. சோப்பு டப்பாவில்.

பிப்ரவரி 22, சனி

தவசி அண்ணனிடம் திங்கட்கிழமை வருகிறீர்களா என்று கேட்டேன். கூப்பிட்டால் வருவேன் என்றார். நான் கூப்பிடுகிறேனே என்றேன். நீ இல்லை, அவர்கள் என்றார்.

பிப்ரவரி 24, திங்கள்

இதை ஆய்வாளர் அலுவலக வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அத்தானும் அக்காவும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். அத்தான் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்து, "பரிச்சை இருக்கும்லா, ஏன் வந்த?" என்றார். அவருக்கு நான் படிப்பது எல்லாமே பரீட்சைதான். வக்கீல் இன்னும் வரவில்லை. விசாரணை மதியம்.

அதற்கு முன்னால் அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். ரொம்ப நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். நல்ல மாதிரிதான். உட்காரச் சொன்னார்.

வழியெல்லாம் கோத்து வைத்திருந்ததைச் சொன்னேன். லிங்கதுரை என் அக்கா கணவர் என்பதை முதலில் சொன்னேன். பிறகு பாலிஷ், வளையம், புள்ளி. இரண்டு துண்டில் மேல்தோலை எங்கள் ஆய்வகமே மாற்றிவிட்டது, மூன்றாவதுதான் யாரும் தொடாதது, அதில் மேல் தோலிலேயே புள்ளி என்றேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுக்கொண்டே கோப்பைத் திறந்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, என் பக்கமாகத் தள்ளினார்.

"இது உங்க கையெழுத்துத்தானம்மா?"

நீல மை. பேராசிரியரின் பேனா.

"ஆமா சார்."

"மூணாவது துண்டு சேதம்னு இதுல போட்டிருக்கு. அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தேதி பதினாலு. இன்னைக்கு வந்து வேற சொல்றீங்க."

"சினாப்சிஸுக்காகப் போட்டேன் சார்."

அதைச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் அது எப்படி இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

சோப்பு டப்பாவைத் திறந்து துண்டை மேஜையில் வைத்தேன். பளபளப்பே இல்லாத, மங்கிய, விரல் நீளத் துண்டு. வெளிப்புறத்தில் அவர்கள் அலுவலகம் பொறித்த எண். அவர் கண்ணாடியை இறக்கி எண்ணைப் படித்தார். கோப்பில் இருந்த எண்ணைப் படித்தார். திரும்பத் துண்டைப் பார்த்தார். கை வைக்கவில்லை.

"என்னை நம்ப வேண்டாம் சார். நான் அளக்கவும் வேண்டாம். எனக்கும் எங்க சாருக்கும் சம்பந்தமே இல்லாத யார்ட்டயாவது அனுப்புங்க. பாலிஷ் போட்டவர் பேரு தவசி. அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க. கேட்டாச் சொல்லுவாரு."

மேஜையில் அவருடைய போன் அதிர்ந்தது. திரையில் என்ன பெயர் வந்தது என்று நான் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். எடுக்காமல் அணைத்தார். துண்டை விட்டுவிட்டுப் போங்கள், பார்க்கலாம் என்றார்.

அந்த மேஜையின் ஓரத்தில் காகிதம் பறக்காமல் இருக்க ஏற்கெனவே இரண்டு இரும்புத் துண்டுகள் வைத்திருந்தார்கள். அவற்றிலும் ஏதோ பழைய வழக்கின் எண் பொறித்திருந்தது.

நான் துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"விட்டுட்டுப் போறேன் சார். வாங்கிக்கிட்டோம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நம்பரு போட்டு, சேதம் இல்லாத துண்டுன்னு போட்டு."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். பியூன் வந்து டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். சாப்பாட்டு நேரம், வெளியே உட்காருங்கள் என்று அந்தப் பியூன்தான் வந்து சொன்னார். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறேன். என் போனில் பேராசிரியர். மறுபடி பேராசிரியர். அக்கா தூக்குச் சட்டியைத் திறந்து, புளிசாதம் இருக்கு சாப்பிடுதியா என்று கேட்கிறாள். அத்தான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறார்.

வக்கீல் வந்துவிட்டார். கதவைத் திறந்து எல்லோரையும் உள்ளே கூப்பிடுகிறார்கள்.

பின்குறிப்பு, அதே நாள், பேருந்தில்:

உள்ளே போனதும், வக்கீல் வாய் திறக்கும் முன், எல்லோருக்கும் முன்னால், மறுபடி அதையே கேட்டேன். மின் நிலையத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அத்தான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். துண்டு மேஜை நடுவில் இருந்தது. அதன் மேல் என் கை இருந்தது. அதிகாரியின் பேனா மூடியோடு கோப்பின் மேல் கிடந்தது.

"வாங்கிக்கிட்டோம்னு ஒரு வரி, சார். எழுதிக் குடுங்க."